காற்றைக் கணக்கில் எழுதுவது யார்?

மாலையானால் கடற்காற்று வந்துவிடும். மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்த எனக்கு இது அனுபவம். 'ஜன்னலத் தெற, காத்து வரட்டும்' என்பாள் அம்மா. ஆனால் கட்டடங்களின் மின்செலவை மதிப்பிடும் கணினி நிரல்களில் இந்தக் காற்றுக்கு நீண்ட காலம் இடமில்லை. அமெரிக்காவின் ஆஷ்ரே 90.1 தரவிதியின் ஜி பிற்சேர்க்கைப்படி, குளிர்சாதனமே இல்லாத அறைக்கும் நிரலுக்குள் ஒரு குளிர்சாதனத்தைப் பொருத்தியாக வேண்டும் என்பது பொது விதி. ஒப்பிடும் கட்டடத்திலும் அதேதான். ஆக, மின்விசிறியும் திறந்த ஜன்னலுமாக வாழ்பவர் மிச்சப்படுத்திய மின்சாரம் கணக்கில் பூஜ்யமாகிவிடுகிறது.

இதை வெறும் தொழில்நுட்பப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. இதற்குப் பின்னால் உடல் பற்றிய ஒரு சொல்லாடல் இருக்கிறது. 1970இல் டென்மார்க்கின் ஃபாங்கர் வகுத்த வெப்ப இதச் சமன்பாடு, சோதனை அறைக்குள் உட்காரவைக்கப்பட்ட அமெரிக்க, டேனிஷ் மாணவர்களிடமிருந்து பிறந்தது. அந்த உடலே உலகப் பொது உடலாயிற்று. நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2005 பதிப்பும் கோடைக்கு 23 முதல் 26 டிகிரி என்றே விதித்தது. மே மாத மத்தியானத்தில் ரங்கநாதன் தெருவில் நடப்பவர் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார்.

மாற்றுக் கணக்கு 2014இல் வந்தது. அகமதாபாத் செப்ட் ஆய்வாளர்கள் சென்னை உள்ளிட்ட 5 நகரங்களில், 16 அலுவலகக் கட்டடங்களில், 6,330 பதில்களைத் திரட்டினார்கள். இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடத்தில் மனிதர் இதமாக உணரும் வெப்பநிலை, அண்மை நாட்களின் வெளிவெப்பச் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்டினால் கிடைக்கும் என்றார்கள். வெளியே 32 என்றால் உள்ளே 30.1. 2016 விதித்தொகுப்பு இதை ஏற்றுக்கொண்டது.

உடனே நம்மவர்கள் சிலர் அக்ரகார வீட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை. தெருவில் நுழைந்த காற்று கொல்லைவழி போகுமாம். போனது உண்மைதான். அந்தக் கொல்லைவழியாக மட்டுமே வர அனுமதிக்கப்பட்ட மனிதர்களும் இருந்தார்கள். காற்றோட்டத்துக்கும் சாதி உண்டு என்பதை மறைத்துவிட்டு அதை மரபு என்று கொண்டாடலாகாது.

புதிய கணக்கிலும் மறதிகள் உண்டு. எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் 2018 வீட்டு விதி, சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் திறக்கக்கூடிய சாளரப் பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதம் வேண்டும் என்கிறது. தி. நகர் சந்தில் எதிர்ச்சுவர் மூன்றடியில் நின்றால் அந்தச் சாளரம் என்ன செய்யும்? 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளை அந்த விதி தொடுவதுமில்லை. 2014 ஆய்வில் பதில் சொன்னவர்கள் அலுவலகங்களில் வேலை செய்தவர்கள். நாளெல்லாம் நின்றபடி புடவை விரித்துக் காட்டும் பெண்ணை யாரும் கேட்கவில்லை. அவருக்கு உட்காரும் உரிமையே தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டமாயிற்று. அடுப்படியில் வெந்த அம்மாவின் உடலும் அந்தச் சமன்பாட்டில் இல்லை.

சமன்பாட்டை நான் மறுக்கவில்லை. ஃபாங்கரின் மாணவர்களைவிட அது நமக்கு நெருக்கமானது. அடுத்த கணக்கெடுப்பு கடைத்தெருவிலும் வாரியக் குடியிருப்புகளின் அடுக்களைகளிலும் நடக்கட்டும். 'காத்து வருதா?' என்று அங்கே போய்க் கேட்டுவிட்டு நிரலை எழுதட்டும்.