பாருக்கு என்று ஒரு பெயர்

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் ஒரு பெருந்தொல்லை. கதை முழுவதும் மனத்தில் உருவாகிவிட்ட பிறகும், அதில் வருகிற மனிதனுக்குப் பொருத்தமாக ஒரு பெயர் அகப்படாமல், நாட்கணக்கில் பேனாவை மூடி வைத்திருந்ததுண்டு. அப்படிப்பட்ட நாட்களில் பழைய நூல்களை எடுத்துப் புரட்டுவது என் வழக்கம். பைபிளைப் புரட்டிய ஒரு நாளில் என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்ற பெயர், பாருக்கு.

இதைக் கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்குப் பாரூக் பாய்களின் நினைவுதான் வரும். அது வேறு, இது வேறு. பாரூக் அரபுச் சொல். மெய்யையும் பொய்யையும் பிரித்தறிகிறவன் என்று பொருள். கலீபா உமருக்கு வழங்கிய பட்டம் அது. பாருக்கு என்பதோ எபிரெயம். 'ஆசீர்வதிக்கப்பட்டவன்' என்று அர்த்தம். இதற்கும் அரபு மொழியில் உறவினர் உண்டு. நம் முஸ்லிம் நண்பர்கள் 'பரக்கத்' என்றும் 'முபாரக்' என்றும் சொல்கிறார்களே, அவை இரண்டும் இதே வேரில் கிளைத்தவை. ஆகவே நம் பாருக்குக்குப் பங்காளி பாரூக் அல்ல, முபாரக்!

பைபிளில் இந்தப் பெயருடையவர் ஒருவர் மட்டும் அல்ல. பாபிலோனிய அடிமைத்தனத்துக்குப் பின், நெகேமியாவின் தலைமையில் எருசலேம் மதிலைப் பழுதுபார்த்தபோது, சாபாயின் மகன் பாருக்கு தன் பங்கை மிகவும் ஊக்கத்தோடு கட்டினான் என்று ஒரு வரி வருகிறது. உடன்படிக்கையில் கையொப்பமிட்ட ஆசாரியர்களுள் ஒரு பாருக்கு இருக்கிறான். வம்சவரிசை ஒன்றில் இன்னொருவன். ஒரு வரியில் தோன்றி, அடுத்த வரியில் மறைந்துவிடுகிறார்கள். அந்தப் பெயரை நிலைநிறுத்தியவன், அவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வாழ்ந்த நேரியாவின் மகன் பாருக்கு. அவன் ஓர் எழுத்தன். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல எழுதியவன்.

கி.மு. 605-ஆம் ஆண்டு. யூதாவில் யோயாக்கீம் அரசன். கிழக்கே பாபிலோனின் நேபுகாத்நேச்சார் தலையெடுத்துவிட்டான். 23 ஆண்டுகளாக எச்சரித்து எச்சரித்து ஓய்ந்துபோன எரேமியாவுக்குக் கோவிலுக்குள் நுழையவும் வழியில்லை. பேசிய அத்தனையையும் பாருக்கிடம் சொல்லி ஒரு சுருளில் எழுதுவித்தார். மறு ஆண்டு உபவாச நாளில், சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில் நின்று, கோவிலுக்கு வந்த ஜனங்கள் காதுபட அதைப் பாருக்கு வாசித்தான்.

அதிகாரிகள் அவனை வரவழைத்துத் தாங்களும் கேட்டார்கள்; நடுங்கிப் போனார்கள். இதையெல்லாம் எப்படி எழுதினாய் என்று விசாரித்தார்கள். அவர் வாயால் சொன்னார், நான் மையினால் எழுதினேன் என்பதுதான் அவன் பதில். எபிரெய வேதம் முழுவதிலும் மை என்ற சொல் வருவது அந்த ஓர் இடத்தில்தான்!

குளிர்காலம். அரசன் கணப்புச் சட்டியின் எதிரே உட்கார்ந்திருந்தான். மூன்று நான்கு பத்திகள் வாசிக்க வாசிக்க, எழுத்தர்கள் உபயோகிக்கும் கத்தியினாலேயே அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போட்டான். எரிக்க வேண்டாம் என்று மூவர் மன்றாடினார்கள். அவர்களில் ஒருவன் கெமரியா. அரசன் கேட்கவில்லை. சுருள் முழுவதும் சாம்பலாயிற்று. பிறகு நடந்ததை நூல் வெகு சாதாரணமாகச் சொல்கிறது: எரேமியா வேறொரு சுருளை எடுத்துக் கொடுத்தார்; பாருக்கு மறுபடியும் எல்லாவற்றையும் எழுதினான்; புதிதாகவும் பல சேர்ந்தன.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். சில வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்றின் கைப்பிரதியை ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் தொலைத்துவிட்டார்கள். வேறு பிரதி கிடையாது. மறுபடி முதல் வரியை எழுத உட்கார்ந்தபோது, எழுதத் தெரியாதவன் போலக் கை நின்றது. இரண்டாம் முறை எழுதுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

பாருக்குக்கும் அலுப்பு இருந்தது. முதல் சுருளை எழுதிய நாட்களிலேயே, துக்கத்தின் மேல் துக்கம், இளைப்பாறுதலே இல்லை என்று அவன் புலம்பினான். பெயரோ ஆசீர்வதிக்கப்பட்டவன்! கடவுளிடமிருந்து வந்த மறுமொழி ஆறுதலாகவும் இல்லை. நான் கட்டியதை நானே இடிக்கும் காலத்தில் நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயா, தேடாதே. போகுமிடமெல்லாம் உன் உயிர் மட்டும் உனக்கு மிஞ்சும் என்பது அதன் சாரம். பெரிய காரியம் தேடாத எழுத்தாளன் யார்? அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று பட்டது.

சுருள் எரிந்து சுமார் 18 ஆண்டுகள் கழித்து, பாபிலோனியர் எருசலேமையே எரித்தார்கள். 1982-இல் ஈகால் ஷிலோ என்ற ஆராய்ச்சியாளர் அங்கே தோண்டியபோது, சாம்பல் படிந்த ஒரு வீட்டில் ஐம்பது களிமண் முத்திரைகள் வரை கிடைத்தன. அவற்றால் கட்டி முத்திரையிட்ட தாள்கள் பொசுங்கிவிட்டன. அதே நெருப்பு களிமண்ணைச் சுட்டு இறுக்கியிருந்தது. ஒன்றில் 'சாப்பானின் மகன் கெமரியா' என்ற பெயர் இருக்கிறது. எரிக்க வேண்டாம் என்று மன்றாடிய அதே கெமரியாதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. பாருக்கின் முத்திரை என்றும் ஒன்று 1970-களில் கடைவீதிக்கு வந்து பரபரப்பூட்டியது. அது இக்காலத்துப் போலி என்று 2014-இல் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அவனுக்கு முத்திரை வேண்டுமா என்ன? எழுத்து இருக்கிறதே!

பைபிளுக்கு வெளியே இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் ஒருவரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1632-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த தத்துவஞானி ஸ்பினோஸா. ஜெப ஆலயத்தில் அவர் பெயர் பாருக்கு. 1656, ஜூலை 27 அன்று அவருடைய சமூகத்தார் அவரைச் சபித்து விலக்கி வைத்தார்கள். அவர் எழுதியதை ஒருவரும் வாசிக்கக்கூடாது என்றும் விதித்தார்கள். ஆசீர்வதிக்கப்பட்டவனுக்குச் சாபம்! அப்போது அவருக்கு வயது 23. ஒரு நூலும் அச்சாகவில்லை. பெயரை அவர் உதறிவிடவில்லை. லத்தீனில் அதே பொருள் தரும் பெனடிக்டஸ் என்று வைத்துக்கொண்டார். கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தபடி எழுதினார். 'எதிக்ஸ்' என்ற அவருடைய தலையாய நூல், 44-ஆம் வயதில் அவர் இறந்த பிறகு, 1677-இல்தான் வெளிவந்தது.

ஆசீர்வாதம் என்றால் சுகம், செல்வம், பேர் என்று நானும் நினைத்திருந்தேன். இந்த இரண்டு பாருக்குகளுக்கும் அவற்றில் எது கிடைத்தது? எரிந்துபோனதை மறுபடி எழுத உட்காரும் அளவுக்கு உயிரும், கொஞ்சம் மையும் மிஞ்சின. தொலைந்த என் நாவலை அந்த வருஷமே எழுதி முடித்தேன். அது முதல் பிரதியைவிட இரண்டு அத்தியாயம் அதிகம்.