மீனின் செவிக்கல்லும் கடற்கரை வரலாறும்: புதுக்கோட்டைக் கடற்பகுதியை முன்வைத்து

முன்னுரை

கத்தாழை மீனின் தலையை உண்போர் வாயில் வெண்ணிறக் கல் ஒன்று தட்டுப்படுவதுண்டு. அதனை எலும்பு எனக் கருதுவோர் உளர். உண்மையில் அது மீனின் உட்செவியில் கால்சியம் கார்பனேட் படிந்து உருவாகும் செவிக்கல் ஆகும். உயிரியலார் இதனை ஓட்டோலித் என்பர். உடற்சமநிலைக்கும் கேட்டலுக்கும் துணைசெய்யும் இக்கல், மீன் உயிரோடிருக்கும் வரை அடுக்கடுக்காக வளர்கிறது. எலும்பைப் போல் உடலால் மீண்டும் உறிஞ்சப்படாமையால் ஒருமுறை படிந்த அடுக்கு நிலைத்துவிடுகிறது. எழுத்தாவணம் குறைந்த கடற்கரைக்கு இது வரலாற்றுச் சான்றாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆவணங்களின் இடைவெளி

புதுக்கோட்டை சமஸ்தானத்திற்குக் கடற்கரை இல்லை. 1948 மார்ச்சில் அது இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு தனி மாவட்டம் அமைந்தபோதே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் உள்ளிட்ட பாக் விரிகுடாக் கரை புதுக்கோட்டையின் எல்லைக்குள் வந்தது. ஆகவே சமஸ்தான ஆவணங்களை மட்டும் கொண்டு எழுதப்படும் புதுக்கோட்டை வரலாற்றில் கடலுக்கு இடமிராது. பிற்கால மீன்பிடிப் புள்ளிவிவரங்களும் பெரும்பாலும் கரைசேர்ந்த மீனின் எடையையே தருகின்றன. அம்மீன் எவ்வயதினது, எவ்வேகத்தில் வளர்ந்தது என்பதை எடையால் அறிய இயலாது.

செவிக்கல் வாசிப்பின் வளர்ச்சி

1899இல் ஜெர்மானிய ஆய்வாளர் ரெய்பிஷ், செவிக்கல் வளையங்களை எண்ணித் தட்டைமீனின் வயதைக் கணித்தார். 1971இல் ஜியார்ஜியோ பன்னெல்லா, ஆண்டு வளையங்களுக்குள் நாள்தோறும் படியும் நுண்வளையங்கள் இருப்பதை எடுத்துக்காட்டினார். வளையங்களின் இடைவெளி வளர்ச்சி வேகத்தையும், ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் நீரின் வெப்பநிலையையும் உணர்த்துவன. தென்மேற்குப் பசிபிக் பகுதியில் நீண்ட ஆயுளுடைய மீன்களின் செவிக்கற்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு, வெப்பமடைந்த மேற்பரப்பை ஒட்டி வாழ்வன விரைவாகவும் ஆழ்கடலில் வாழ்வன மெதுவாகவும் வளர்ந்தமையை நிறுவியது.

இந்தியாவில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பெற்றது. 1949இல் ஆர். வி. நாயர் மத்தி மீனின் செவிக்கல் வளையங்களைக் குறித்து எழுதினார். 1951இல் சேஷப்பா, பீமாச்சார் ஆகியோர் மலபார் நாக்குமீனின் செதில் வளையங்களைத் தென்மேற்குப் பருவமழைக் கால உணவுக் குறைவோடு தொடர்புபடுத்தினர். குளிர்காலம் வளையமிடாத வெப்பமண்டலக் கடலில் பருவமழையே காலத்தைக் குறிக்கக்கூடும் என்பது இதனால் புலனாயிற்று.

பாக் விரிகுடாவிற்குப் பொருத்துதல்

மலபார்க் கரையின் கணக்கைப் புதுக்கோட்டைக் கரைக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவைக் கலக்குவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையாகும். ஆகவே இங்குள்ள மீன்களில் வளையம் எம்மாதத்தில் தோன்றுகிறது என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

இத்தேவைக்கு மத்தி தக்க சான்றாகும். முன்னர்ப் பெரும்பாலும் மேற்குக் கரைக்குரியதாக இருந்த இம்மீன், 1980களின் பிற்பகுதி முதல் தமிழகக் கிழக்குக் கரையிலும் மிகுதியாகக் கிடைக்கலாயிற்று. கடல்நீர் வெப்பமடைதலே இதற்குக் காரணம் என மீன்வள ஆய்வாளர் கருதினர். புதிய வாழிடத்தில் அது எவ்வாறு வளர்ந்தது என்பதற்கு அதன் செவிக்கல் விடை தரக்கூடும். எனினும் மத்தி குறுகிய ஆயுளுடையது; ஒரு செவிக்கல் இரண்டு, மூன்று ஆண்டுகளையே காட்டும். மரவளையங்களைப் போல நெடுங்காலத்தைத் தொடர்ந்து அறிவதற்கு வெவ்வேறு ஆண்டுகளில் திரட்டிய கற்கள் வேண்டும்.

சிறிய மீன் எழுப்பும் வினா

வலையில் சிக்கும் மீன் அளவில் சிறுத்திருப்பதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். மிகைப்பிடிப்பால் முதிர்ந்த மீன்கள் குறைந்து இளமீன்களே எஞ்சியிருக்கலாம். அல்லது கடற்சூழல் மாறியதால் முதிர்ந்த மீனே வளர்ச்சி குன்றியிருக்கலாம். முதலாவதற்கு வலைக்கண் அளவையும் பிடிப்பையும் ஒழுங்குபடுத்துதல் தீர்வாகும். இரண்டாவதற்கு அத்தீர்வு மட்டும் போதாது. அதற்கான பழியை மீனவர் மீது சுமத்துதலும் பொருந்தாது. நீளமும் எடையும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டா. வயதை அறிந்தாலன்றி முடிவுக்கு வர இயலாது.

முடிவுரை

செவிக்கல் தனித்து வரலாறு உரைப்பதில்லை. பிடித்த நாளும் இடமும் குறிக்கப்படாத கல் காலமறியாக் கல்வெட்டை ஒத்தது. மீனவர்தம் வாய்மொழி நினைவு, கரைசேர்ப்புப் புள்ளிவிவரம், பருவமழைப் பதிவு ஆகியவற்றோடு இணைத்து வாசிக்கும்போதே அது சான்றாகிறது. இறங்குதளங்களில் கழிவாக எறியப்படும் மீன் தலைகளிலிருந்து நாளும் இடமும் குறித்துச் செவிக்கற்களைத் திரட்டிவைத்தல், 1974க்குப் பிந்தைய புதுக்கோட்டைக் கடலுக்கு ஓர் ஆவணக்காப்பகத்தை உருவாக்குவதாகும். இப்பணியில் வரலாற்றுத் துறையும் மீன்வளத் துறையும் இணைந்து ஈடுபடுதல் இன்றியமையாதது.