மேஜர் காங்கின் வாக்குறுதி: 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தில் கறுப்பின அதிகாரியின் இடம்

ஸ்டான்லி குப்ரிக்கின் அவல நகைச்சுவைப் படமான 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964), ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் முதல் திரைப்படம். அதில் அவர் ஏற்ற, பி-52 விமானத்தில் குண்டுவீச்சுக்குப் பொறுப்பான லெப்டினன்ட் லோத்தர் ஸாக் என்ற பாத்திரத்தை, ஒப்புக்குச் சேர்த்த கறுப்பு முகம் என்று சொல்லிக் கடந்துபோகும் ஆய்வுமரபு ஒன்று உண்டு. ஸாக் எழுப்பும் ஒரு கேள்வியையும், அதையடுத்து விமானத்தின் தலைவரான மேஜர் காங் ஆற்றும் சிற்றுரையையும் பிரித்துப் படிப்பதால் வரும் முடிவு இது. திரையில் வரும் வரிசையிலேயே படித்தால் இந்த முடிவு நிற்காது என்பது என் வாதம்.

சோவியத் ஒன்றியத்தின் மீது அணுகுண்டு வீசச் சொல்லும் தாக்குதல் திட்டம் 'ஆர்' என்ற ஆணை விமானத்துக்கு வருகிறது. காங் முதலில் நம்ப மறுக்கிறார். ஆணை உறுதியான பின் ஸாக் கேட்கிறார்: இது நம் விசுவாசத்தைச் சோதிக்கும் ஏற்பாடாக இருக்குமோ, யார் போகத் துணிகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்ப அழைப்பார்களோ? காங் அதை ஏற்கவில்லை. வாஷிங்டன் ஏற்கெனவே தாக்கப்பட்டிருந்தால் ஒழிய, விமானத் தளத்தின் தலைவரான ஜெனரல் ரிப்பர் இப்படி ஆணையிடமாட்டார் என்கிறார். வாஷிங்டனில் ஒரு குண்டும் விழவில்லை. ஆணை, சித்தம் கலங்கிய ரிப்பரின் தன்னிச்சை. ஸாகின் ஊகமும் சொல்லளவில் தவறுதான். ஆயினும் ஆணைக்குப் பின்னால் எதிரியின் தாக்குதல் இல்லாதிருக்கலாம் என்று எண்ணிய வகையில், அந்த விமானத்தில் உண்மையை நெருங்கியவர் அவர் ஒருவரே. படம் அறிவின் பக்கம் நிறுத்தியிருக்கும் ஒருவரை வெறும் அலங்காரம் என்பது எப்படி?

அதற்குப் பிறகே காங் கௌபாய் தொப்பியை அணிகிறார். பழைய போர்ப்பாட்டு மெட்டு பின்னணியில் ஒலிக்க, எல்லாம் முடிந்ததும் பதவி உயர்வும் பாராட்டும் காத்திருப்பதாகச் சொல்கிறார். இனம், நிறம், சமயம் பாராமல் ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறார். படைகளில் சமவாய்ப்பை அறிவித்த 1948ஆம் ஆண்டின் ட்ரூமன் ஆணை 9981இன் சாயல் இந்தச் சொற்களில் தெரிகிறது. படம் வெளிவந்தது 1964 ஜனவரியில். குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது அந்த ஜூலையில். தென் மாநிலத்து உணவகத்தில் வெள்ளையருக்குச் சமமாக உட்காரும் உரிமையைக் கூட்டாட்சிச் சட்டம் இன்னும் உறுதிசெய்யாத மாதங்கள் அவை. அப்போது ஸாகுக்குச் சமத்துவம் கிடைக்கிறது, அணுகுண்டைக் கொண்டுபோகும் வேலையில். பரிசு கொடுக்கவோ வாங்கவோ ஆளில்லாமல் செய்யப்போகும் வேலை அது. கேள்வி கேட்டவருக்குப் பதிலாகக் கிடைத்தது இந்த வாக்குறுதி என்பதில்தான் அங்கதத்தின் கூர்மை இருக்கிறது.

ஜார்ஜ் சி. ஸ்காட் நடித்த ஷேக்ஸ்பியர் நாடகத்தைப் பார்க்கப் போன குப்ரிக், அதில் நடித்த ஜோன்ஸையும் அமர்த்திக்கொண்டார். ஆகவே இதில் உள்நோக்கம் தேட வேண்டாம் எனலாம். ஆனால் நடிகர் கிடைத்த விதம் வசனத்தின் பொருளைத் தீர்மானிப்பதில்லை. 'லோத்தர்' என்ற பெயரில் மாண்ட்ரேக் சித்திரக்கதையின் ஆப்பிரிக்கத் துணைவனைக் காண்பதும் நம்மை வெகுதூரம் கொண்டுசெல்லாது.

இதனால் படம் முழுவதையும் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. பெண் பாத்திரம் ஒன்றே ஒன்று: ஜெனரல் டர்ஜிட்சனின் செயலாளராக வரும் ட்ரேசி ரீட். காங் விமானத்தில் புரட்டும் இதழில் இருக்கும் படமும் அவருடையதே. அதிபரும் தளபதிகளும் கூடும் போர் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் வெள்ளை ஆண்கள்; அணுப்போருக்குப் பின் உயிர்தப்பி வாழும் சுரங்கத்தில் ஓர் ஆணுக்குப் பத்துப் பெண்கள் என்று கணக்குப் போடுவது அங்கேதான். அந்தக் கணக்கைப் படம் எள்ளி நகையாடுகிறது, உண்மை. ஆனால் அதற்கு மறுமொழி சொல்ல ஒரு பெண்ணையும் அது அந்த அறைக்குள் விடவில்லை. பிரதிநிதித்துவம் பற்றிய குற்றச்சாட்டு நிலைப்பது அந்த அறையின் மீதுதான். ஸாக் அமர்ந்திருக்கும் விமானத்தின் மீது அதைச் சுமத்துவதற்குப் படத்தில் சான்று இல்லை.