பிரேக்கில் புகுந்த காற்று

போன மாதம் பேரன் தன் மலைச் சைக்கிளை வராந்தாவில் சாய்த்துவிட்டு, “தாத்தா, முன் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குது. ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியிலேர்ந்து மேட்டுப்பாளையம் இறங்கறோம்” என்றான். லீவரைப் பிடித்துப் பார்த்தேன். ஹேண்டில்பார் வரை வந்து முட்டியது. வயிற்றில் பழைய பயம் ஒன்று எட்டிப் பார்த்தது.

1978ல் ஏற்காட்டிலிருந்து ஆபீஸ் ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் டிரைவர் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். பெடலை மிதிக்கிறார், அது தரையோடு போகிறது. மறுபடி மறுபடி வேகமாக மிதித்து, கியரைக் குறைத்து, கடைசியில் வண்டியை மலைப் பக்கச் சுவரில் உரசி நிறுத்தினார். அரை மணி கழித்துப் பார்த்தால் பெடல் ஓரளவு திரும்பி வந்திருந்தது! எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது.

மறுநாள் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி, “பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷம் சார் ஆச்சு?” யாருக்கும் தெரியவில்லை. என்னை சீட்டில் ஏற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தடியில் ஒரு பாட்டிலும் டியூபுமாக அவர் உட்கார்ந்தார். “மிதிங்க, மிதிங்க, மிதிங்க... புடிச்சுக்கங்க!” நிப்பிளைத் தளர்த்துவார்; பெடல் இறங்கும்; பாட்டிலில் குமிழி வரும்; நிப்பிளை இறுக்கியபின் “விடுங்க” என்பார். ஒரு தடவை அவசரப்பட்டு முன்னாடியே காலை எடுத்துவிட்டேன். வெளியே போன காற்று அப்படியே உள்ளே திரும்பியது. அதிகாரி என்றும் பார்க்காமல் திட்டினார்.

திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது, அழுத்தத்தை மறுமுனைக்குக் கொண்டுபோகும். காற்று சுருங்கிவிடும். விஷயம் இவ்வளவுதான். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னதை ஓடும் வண்டியில் பயன்படுத்த 250 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட், விமானம் கட்டிய அதே சகோதரர்களில் ஒருவர், 1917ல் நாலு சக்கர ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921ல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஹைட்ராலிக் பிரேக் வைத்த ட்யூசன்பெர்க் காரில் ஜிம்மி மர்ஃபி ஜெயித்தார். அந்தக் கம்பெனி அதே வருஷம் விற்பனைக் காரிலும் அதைக் கொடுத்தது. 1924ல் கிரைஸ்லர் வந்தது. ஹென்றி ஃபோர்டு மட்டும் கம்பியையும் தண்டையும் விடாமல் 1939 மாடலில்தான் மாறினார். பிடிவாதம் என்பார்கள், ஏற்காட்டுக்குப் பிறகு எனக்கு அவர்மேல் கொஞ்சம் அனுதாபம் உண்டு. கம்பியில் காற்று புகாதே!

உண்மையான தலைவலி குழாய் அல்ல, உள்ளே இருக்கும் ரப்பரும் எண்ணெயும்தான். லாக்ஹீடின் தோல் சீல்கள் ஒழுகின. கிரைஸ்லர் இன்ஜினியர்கள் ரப்பர் கப் போட்டார்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும். அதனால் அந்தக் காலத்துப் பிரேக் ஆயில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. நம்ம விளக்கெண்ணெய்தான்! பிறகு கிளைக்கால் வகை வந்தது. அது ரப்பரைக் கெடுக்காது, ஆனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் 140 தாங்கினால் போதும் என்பது அமெரிக்க விதி. ஏற்காட்டு மந்திரம் அதுதான். தொடர்ந்து மிதித்த சூட்டில் பழைய ஆயில் கொதித்து ஆவியானது, ஆறியதும் மறுபடி திரவமானது.

பிரான்சில் சிட்ரோயன் கம்பெனி 1966ல் ஈரம் உறிஞ்சும் சிவப்புத் திரவத்தை விட்டு, பச்சை நிற மினரல் ஆயிலுக்கு மாறியது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. பழைய வண்டியின் பாகங்கள் கறுப்பு, புதியதன் பாகங்கள் பச்சை என்று பெயின்ட் அடித்து வைத்தார்கள், மெக்கானிக் மாற்றி ஊற்றிவிடக் கூடாதே என்று.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன்? காருக்கு வாங்கிய டாட் 3 பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். பேரன்தான் லீவர் மூடியில் இருந்த எழுத்தைக் காட்டினான்: மினரல் ஆயில். ஊற்றியிருந்தால் சீல் கெட்டு, எங்கே கைவிடும் என்று சொல்ல முடியாது. சைக்கிளில் இரண்டு சாதியும் உண்டு. ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளுக்கு டாட். பாட்டிலைத் திருப்பி வைத்தேன். அவன் சிரிக்கவில்லை, நல்ல பையன்.

“கடைசியா என்னடா பண்ணினே?” “பஞ்சர் ஒட்டினேன், சைக்கிளைத் தலைகீழா வச்சு.” அங்கேதான் வினை. லீவரில் இருக்கும் சின்னத் தொட்டியில் கொஞ்சம் காற்று இருந்தாலும் நிமிர்ந்து நிற்கும்வரை அது மேலேயே கிடக்கும். கவிழ்த்தால் குழாய்க்குள் போய்விடும். முதலில் நிமிர்த்தி வைத்து, லீவரை மெதுவாகப் பலமுறை இழுத்துவிட்டு, ரப்பர் பேண்ட் போட்டு அமுக்கிய நிலையில் ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் பாதி தேறியது. பாதிப் பிரேக்கோடு மலை இறங்க நான் விடவில்லை.

மினரல் ஆயில் வாங்கிவரச் சொன்னேன். சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றி எண்ணெய் படாத தூரத்தில் வைத்தோம்; பேடில் பட்டால் அப்புறம் பிடிக்கவே பிடிக்காது. பேடுகளின் இடத்தில் கட்டையைச் செருகி, கீழே காலிப்பரில் சிரிஞ்சு, மேலே லீவரில் புனல். காற்று மேலேதான் போகும் என்பதால் எண்ணெயையும் கீழிருந்தே தள்ளினோம். குழாயை ஸ்பானர் பிடியால் தட்டத் தட்ட, புனலில் கடுகு கடுகாகக் குமிழிகள். இந்த முறை கீழே உட்கார்ந்தது நான். “புடிச்சுக்கோ... விடாதே” என்று என் வாயில் வந்தது.

லீவர் கல் மாதிரி ஆயிற்று. ஞாயிறு காலை பதினொன்றரைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து போன் வந்தது. டீ குடித்துக்கொண்டிருக்கிறானாம்.