கண்ணாடிப் பேழையும் வடிகாலும்

வீட்டுக்குள் செடி வளர்க்கும் கண்ணாடிப் பேழையின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கண்ணாடியையும் ஒளியையுமே முன்னிறுத்துவர். ஆயினும் பேழைக்குள் வைத்த செடி தழைத்ததா அழுகியதா என்பதைப் பல வேளைகளில் முடிவுசெய்தது அதன் அடித்தட்டே ஆகும். வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள நுண்வெளிகளை எல்லாம் நீர் நிரப்பிக்கொண்டால், வேர் மூச்சுத் திணறிப் பூஞ்சைக்கு இரையாகி, கறுத்துக் குழைந்துவிடும். சென்னை மேற்கு மாம்பலத்து அடுக்ககங்களில் எல்இடி விளக்குப் பொருத்திய செடி அலமாரி வைத்திருப்போர் இன்று படும் இந்தத் தொல்லை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழமையுடையது.

லண்டன் துறைமுகத்தை அடுத்த வெல்குளோஸ் சதுக்கத்தில் வாழ்ந்த மருத்துவர் நத்தானியேல் பாக்ஷா வார்டு, நகரத்தின் நிலக்கரிப் புகையில் தம் பெரணிச் செடிகள் பட்டுப்போவதைக் கண்டு வருந்தியவர். 1829-இல் அவர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண் இட்ட குப்பியில் மூடி வைத்தபோது, புழுவை முந்திக்கொண்டு அம்மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தன. பகலில் மண்ணிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியில் படிந்து, குளிர்ந்து, மீண்டும் மண்ணுக்கே இறங்கியதால், நீர் ஊற்றாமலேயே அவை ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. இந்தத் தத்துவத்தில் அமைந்த இரு பேழைகள் 1833-இல் சிட்னிக்குக் கப்பலேறின. திரும்பி வருகையில் ஆஸ்திரேலியச் செடிகளை உயிரோடு கொண்டுவந்தன. ‘வார்டு பேழை’ என்று பெயர்பெற்ற இந்தப் பெட்டியைப் பற்றி அவரே 1842-இல் ஒரு நூல் வெளியிட்டார்.

மூடிய பேழையில் நீர் சுற்றி வருமே தவிரக் குறையாது; ஆகவே தொடக்கத்தில் ஊற்றிய மிகைநீர் பயணம் முழுவதும் உள்ளேயே தங்கிவிடும். இதை உணர்ந்த தோட்டக்காரர்கள் அடியில் உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, மேலே மண்ணிட்டு நன்கு நனைத்து, மிகுதி வடிந்த பிறகே மூடியை இறுக்கினர். கப்பல் ஆடும்போது மண் சரியாமலிருக்க அதன்மேல் மரச்சட்டங்களை அறைந்தனர்; தளத்தில் புரளும் கடல்நீர் பெட்டியைத் தொடாமலிருக்க அடியில் கால்களையும் பொருத்தினர். உப்புநீர் உள்ளே புகாமல் தடுப்பதும், உள்நீர் தேங்காமல் பார்ப்பதும் ஒரே பெட்டியின் இரு கடமைகளாயின.

இப்பேழை தமிழ்நாட்டு வரலாற்றில் இடம்பெற்றது சின்கோனா மரத்தின் வழியாக. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைன், தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வளரும் இம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டில் திரட்டிய கன்றுகள் வார்டு பேழைகளில் பனாமா, இங்கிலாந்து, செங்கடல், பம்பாய் என நெடுந்தொலைவு சுற்றி 1860-இல் நீலகிரியை அடைந்தன. ஆனால் அவை பிழைக்கவில்லை. செங்கடலின் கொடும்வெப்பம் அவற்றை முன்பே நலிவித்திருந்தது. ஈக்குவடாரில் ரிச்சர்டு ஸ்ப்ரூசும் இராபர்ட் கிராசும் திரட்டிய செம்பட்டை வகைக் கன்றுகளுக்கு வேறு முடிவு வாய்த்தது: கிராஸ் உடன் பயணம் செய்து காத்துவந்த அக்கன்றுகளில் 400-க்கும் மேற்பட்டவை 1861 ஏப்ரலில் உதகமண்டலத்தில் உயிரோடு இறங்கின. அவற்றை ஏற்றுக்கொண்டவர், அங்குள்ள தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மக்கைவர். வேரடியில் நீர் நிற்பதைச் சின்கோனா பொறுக்காது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அது வேரூன்றியதற்கு அம்மலைச் சரிவுகளும் ஒரு காரணம். பேழையில் தோட்டக்காரர் செயற்கையாக அமைத்த வடிகாலை அங்கே மலையே அளித்தது. நீலகிரிக் குயினைன் வரலாறு கன்று திரட்டியோரின் துணிச்சலாகவே பெரிதும் எழுதப்பட்டிருக்கிறது. பெட்டி செய்த தச்சரும் மண் நிரப்பிய தோட்டத் தொழிலாளரும் அதில் உரிய இடம் பெறாதது பெருங்குறை.

ஓட்டுச் சில்லுகளைப் பற்றிய பழைய நம்பிக்கை பாதியே சரியானது என்பதைப் பிற்கால மண்ணியல் காட்டியது. நுண்மண்ணிலிருந்து பருங்கற்களின் இடைவெளிகளுக்குள் நீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முற்றும் நனைந்த பிறகே சொட்டத் தொடங்கும். நனைந்த பஞ்சைக் கிடையாகப் பிடிக்கும்போது சொட்டு நின்றபின்னும் அதன் அடிப்பகுதி ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதைப் போன்றதே இது. நீர் நிற்கும் இந்த அடுக்கின் உயரம் பெரிதும் மண்துகளின் அளவைப் பொறுத்தது. கீழே சல்லி பரப்பினால் அவ்வடுக்கு மேலேறி வேரை நெருங்குமே ஒழிய மறையாது. மண்ணையே பொலபொலப்பாக்குவதும் நீர் வெளியேற வழி விடுவதுமே உண்மையான தீர்வு.

மேற்கு மாம்பலத்துக்கு நீர் வெளியேறும் வழியைப் பற்றித் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. இதன் அண்டையில் பரந்திருந்த நெடிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகரானது. ஏரி மறைந்தும் ஏரிக்கரையின் நினைவு லேக் வியூ ரோடு என்னும் தெருப்பெயரில் நிற்கிறது. பெருமழையில் துரைசாமி சுரங்கப்பாதை நீரில் மூழ்குவதும் ஊரறிந்த செய்தி. தளம் போடும் கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்து, நீர் ஓடும் திசைக்குச் சற்றே சரிவு கொடுப்பார். இதற்கு ‘வாட்டம்’ என்று பெயர். செடி அலமாரிக்கும் இதே வாட்டம் வேண்டும். பின்கால்களின் கீழ் மெல்லிய மரச்சக்கை வைத்து, தட்டின் முன்மூலையில் துளையிட்டு, அதற்கு மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை இட்டால், மண் அரித்துப் போகாமல் நீர் மட்டும் துளை வழியே கீழ்த்தட்டில் இறங்கும். களிப்பான செம்மண்ணைத் தனியே இடாமல் தென்னை நார்க்கழிவும் பருமணலும் கலந்து இடுவதும், வேர் வளர்ந்து துளையை அடைத்திருக்கிறதா என்று அவ்வப்போது தூக்கிப் பார்ப்பதும் இதனுடன் சேர்ந்தவை.

இங்கே எஞ்சும் ஆபத்து கீழ்த்தட்டில் சேரும் நீரே. கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் மேற்கு மாம்பலம் ஒருகாலத்தில் பெயர்போன பகுதி. இன்று டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பூந்தொட்டித் தட்டில் தேங்கும் தெளிந்த நீரின் விளிம்பை ஒட்டித் தட்டின் ஓரத்தில் முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளில் முழுக் கொசுவாக வெளிவருகிறது. காய்ச்சலுக்கு மருந்து சுமந்துவந்த பேழையின் வழித்தோன்றல் காய்ச்சலுக்கு இடங்கொடுக்கலாகாது. ஆகவே அலமாரி வைத்திருப்போர் வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்து, அதன் ஓரங்களை அழுத்தித் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும்.