காற்றுக் கணக்கும் கடல் வழியும்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஓர் உல்லாசப் பயணக் கப்பல் வந்தது. சென்னையில் புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்னைக்கே திரும்பும் ‘எம்பிரெஸ்’ என்னும் கப்பல் அது. பல மாடிக் கட்டடமொன்று நீரில் மிதந்து வந்தாற்போல் இருந்தது. சில மாதங்களில் அதன் வரவு நின்றது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒண்டு எண்டு புத்தகத்தில கிடக்கு. அப்ப ஏன் அந்தக் கப்பல் இப்ப வாறேல்லை?”

தமிழ் படிப்பிப்பவனிடம் கேட்கும் கேள்வியன்று இது. ஆயினும், காற்றைத் தன் வசப்படுத்திக் கலம் செலுத்திய ஒருவனைக் கரிகாலனின் முன்னோனாக வெண்ணிக்குயத்தியார் பாடிய புறநானூற்றுப் பாட்டை நடத்திக்கொண்டிருந்த வேளை அது. பதில் சொல்லாமல் தப்ப இயலவில்லை.

எங்கள் கரையில் காற்றுக்கு இரண்டு முகங்கள். சித்திரை கழிந்து ஆவணி, புரட்டாதி வரை கச்சான் வீசும். அது தரையைக் கடந்து கடலுக்குச் செல்லும் காற்று. ஆதலால் கரையோரக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்கள் தங்கள் கடல் கொந்தளிக்கும் அம்மாதங்களில் இங்கு வந்து வாடி அமைப்பதும் இதனாலேயே. ஐப்பசியில் காற்று முகம் மாறும். பின்னர் வாடை கடலிலிருந்து கரைக்கு அறையும். “மாஸ்டர், கச்சானில கடல் படுத்துக் கிடக்கும், வாடையில எழும்பி நிண்டு கேள்வி கேட்கும்” என்று எங்கள் ஒழுங்கையில் இருந்த முதிய கடற்றொழிலாளி ஒருவர் சொல்வார். அவருக்குக் கலண்டர் தேவைப்பட்டதில்லை.

பாய்க்கப்பற் காலத்தில் இந்தக் காற்று மாற்றம் அரசுகளின் தலைவிதியாகவே இருந்தது. சோழமண்டலக் கரையில் சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம், மசூலிப்பட்டினம் எனப் பேர்பெற்ற பட்டினங்கள் பல இருந்தும், பெரிய போர்க்கப்பல்கள் ஒதுங்க ஒரு மறைவிடம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகள் அலையைக் கடந்து சரக்கு ஏற்றும். வாடை வலுத்தால் அது கப்பலைக் கரையை நோக்கியே தள்ளும். நங்கூரம் இழுபட்டால் கப்பல் மணலில்.

1746 செப்டெம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே, அடுத்த மாதம் 13ஆம் திகதி இரவு எழுந்த புயலில் தன் கப்பல்களிற் பலவற்றை இழந்தார். கோட்டையை வென்றவரைக் காற்று வென்றது. 1761ஆம் ஆண்டின் முதல் நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பற்படைக்கும் அதே கதி; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இவற்றுக்கெல்லாம் முந்திய கதையொன்று எங்கள் மண்ணோடு ஒட்டியது. 1659 நவம்பர் 19இல் மசூலிப்பட்டினத்தில் நின்ற ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலின் நடுப்பாய்மரத்தைப் புயலில் வெட்டிவிட நேர்ந்தது. புதிய மரம் நிறுத்துவதற்காக அது கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் 1660இல் கப்பற் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்சையும் வேறு சிலரையும் பிடித்துச் சென்றனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் அரிப்புக்குத் தப்பியோடி, 1681இல் இலங்கையைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். பழுதுபார்க்க வந்த இடத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! ஒரு பாய்மரம் போகாதிருந்தால் பதினேழாம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றிற் பாதி இல்லாமற் போயிருக்கும்.

காற்றின் கணக்கு முழுமையாகத் தெரிவது 1782இலே தான். அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வேட் ஹியூஸ் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் இங்கு வந்து கோட்டைகளை முற்றுகையிட்டார். ஹியூஸ் ஓகஸ்ட் 20இல் சென்னையிலிருந்து புறப்பட்டார். இடைத்தூரம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர். ஆனால் தெற்கே வரவேண்டிய கப்பலுக்குத் தென்மேற்குக் காற்று எதிர்முகம். செப்டெம்பர் 2ஆம் திகதி அவர் வந்து சேர்ந்தபோது கோட்டை சரணடைந்து இரண்டு நாட்கள் கழிந்திருந்தன. மறுநாள் நடந்த கடற்போரில் இரு பக்கமும் கடுமையாக அடிபட்டன. கோட்டை பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது.

துறைமுகத்தை இழந்ததன் பொருள் ஒக்டோபரில் விளங்கியது. சென்னையில் நின்ற ஹியூஸ் 15ஆம் திகதி எழுந்த புயலில் கடலுக்குத் துரத்தப்பட்டார். அடிபட்ட கப்பல்களோடு இலங்கையைச் சுற்றிப் பம்பாய் சேர டிசெம்பர் ஆயிற்று. அவர் போன சில நாட்களில் இங்கிலாந்திலிருந்து பிக்கெற்றனின் துணைப்படை சென்னைக்கு வந்தது. தேடி வந்த தளபதி அங்கில்லை. அதுவும் பம்பாய்க்குப் பின்தொடர்ந்தது. அந்தப் புயலில் அரிசி ஏற்றிவந்த நாட்டுக் கலங்களும் அழிந்தன. ஹைதர் அலியின் போரால் அகதிகள் நிறைந்திருந்த சென்னையில் பஞ்சம் கொடிதாயிற்று. தளபதிகளின் கதைகளில் இந்த அரிசிக் கலங்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. என் மனம் அந்த ஒரு வரியிலேயே நிற்கிறது.

அக்காலத்தில் ஒக்டோபரில் பம்பாய்க்குச் சென்ற கடற்படை மறு ஆண்டு ஏப்ரல் வாக்கில்தான் திரும்பும். அதாவது ஆண்டின் ஏறத்தாழ ஆறு மாதங்கள் சோழமண்டலக் கரை காவலின்றிக் கிடக்கும். அந்த இடைவெளியை அடைக்கக்கூடிய இடம் திருகோணமலை. உள்துறையின் வாயில் தெற்கே கொட்டியாரக் குடாவுக்குள் திறக்கிறது. ஒஸ்ரன்பேர்க் மேடு கடலுக்குக் குறுக்கே கிடக்கிறது. வெளியே வாடை அறைந்தாலும் உள்ளே நீர் குளம்போல் இருக்கும். கோணேசர் மலைக்கு வடக்கிலுள்ள பின்குடாவோ அப்படியன்று. கச்சான் காலத்தில் அது நல்ல நங்கூரத்துறை, வாடையில் ஆபத்து. பாடநூல்கள் எங்கள் துறைமுகத்தின் ஆழத்தைச் சொல்கின்றன, பரப்பைச் சொல்கின்றன, மாதத்தைச் சொல்வதில்லை. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் இதனைக் கைப்பற்றி, 1957 வரை தங்கள் கடற்படைத் தளத்தை விடாதிருந்தமைக்கு வேர் இங்கேதான்.

நீராவிக் கப்பல் வந்ததும் கணக்கு மாறியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினர். 1885இல் அது நிறைவேறியது. காற்றுக்குக் காத்திராத கப்பலுக்கு, கிழக்கும் மேற்கும் செல்லும் பெருவழியில் கல்லாற் கட்டிய கொழும்பே போதுமாயிற்று. இயற்கை தந்த துறையை மனிதன் கட்டிய துறை முந்திவிட்டது. வணிகக் கப்பல் எங்களை மறந்த கதை இதுவே.

ஆனால் காற்று தோற்றுவிட்டதென்று எண்ணலாகாது. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறையே இல்லாமற் போனது. பின்னர் 1984 வரை இராமேஸ்வரத்திலிருந்தே கப்பல் ஓடியது. ஒரே இரவில் ஒரு கடல்வழி இடம் மாறியது. இங்கே திருகோணமலையிலும் அந்தப் புயலைச் சொல்லி வயது கணக்கிடும் மூத்தோர் இருந்தனர்.

இவ்வளவையும் சொல்லி, மாணவனின் கேள்விக்கு வந்தேன். பொறிகள் பூட்டிய அந்த ‘எம்பிரெஸ்’ வாடையில் மூழ்கிவிடாது. ஆனால் உல்லாசப் பயணிகள் தலைச்சுற்றிக் கிடப்பதற்குப் பணம் கட்டுவதில்லை. அலை பெரிதானால் துறைக்குள் நுழைவதும் தாமதிக்கும். ஒரு துறையைத் தவறவிட்டால் பயணத் திட்டம் முழுவதும் குழம்பும். ஆகவே மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களில் அது சென்னைப் பக்கம் வருகிறது; வாடைக்கு முன் பம்பாய்க்குத் திரும்பிவிடுகிறது. துறைமுகத்தின் குற்றமன்று என்றேன்.

அதே மாதம் 14ஆம் திகதிதான் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் சேவை ஆரவாரமாகத் தொடங்கியிருந்தது. வானிலை காரணமாக 20ஆம் திகதியளவில் அது நிறுத்தப்பட்டது. மறுபடி ஓடத் தொடங்கியது 2024 ஓகஸ்டில்.

கேள்வி கேட்டவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். “சேர், ஹியூஸ் சென்னையை விட்டு ஓடினதும் இதே கிழமைதான்” என்றான்.