டெஸ்ட் டேட்டா ஃபேக்டரி: ஒரு போலி யூசருக்கு எவ்வளவு விவரம் வேண்டும்?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில் கோபாலபுரம் எல்லை வரும். அதைத் தாண்டினால் கேரளத்தின் சித்தூர் தாலுகா. அங்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. உதாரணத்துக்கு கே. முருகேசன் என்று ஒருவர். 'கே' அப்பா பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயர் கிடையாது. அவருடைய பின்கோடு 678-ல் தொடங்கும். பொள்ளாச்சிக்கு 642.

இவரால் உங்கள் ஆப்பில் கணக்கு தொடங்க முடியுமா? உங்கள் டெஸ்ட்களுக்கு அது தெரியாது. ஏன்னா அவற்றில் வரும் யூசருக்கு எப்போதும் முதல் பெயர், கடைசிப் பெயர், சென்னை முகவரி எல்லாம் கச்சிதமாக இருக்கும்.

அந்தப் போலி யூசரைத் தயாரிக்கும் நிரல்தான் ஃபேக்டரி. ரூபியில் ஃபேக்டரி பாட் (2017 வரை ஃபேக்டரி கேர்ள் என்று பெயர்), பைத்தானில் ஃபேக்டரி பாய்.

ஆரம்பத்தில் நாலு வரிதான். ஒரு டெஸ்ட்டுக்கு முகவரி தேவைப்படும், யாரோ அடிப்படை ஃபேக்டரியிலேயே சேர்த்துவிடுவார். அடுத்தவர் ஆர்டரைச் சேர்ப்பார். கடைசியில் லாகின் டெஸ்ட்கூட முகவரியும் ஆர்டரும் உருவாக்கிவிட்டுத்தான் ஓடும்.

எளிமையாக்க வழி: டேட்டாபேஸும் வேலிடேஷனும் கட்டாயம் கேட்பதை மட்டும் அடிப்படையில் வையுங்கள். மின்னஞ்சல் ஒவ்வொரு முறையும் மாற 'சீக்வன்ஸ்'. அட்மின், முடக்கப்பட்ட கணக்கு போன்ற வகைகள் தனித்தனி 'ட்ரெயிட்'. பின்கோடைப் பார்த்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் என்றால், பின்கோடை அந்த டெஸ்ட்டே சொல்லட்டும். படிப்பவருக்கும் எதைச் சோதிக்கிறோம் என்று உடனே புரியும்.

இப்போது கடைசிப் பெயர் தானாகக் காலியாகிவிடும். அதை நம்பி எழுதிய இடமெல்லாம் உடையும். உடையட்டும், முருகேசனுக்கு உடைவதற்கு முன்னால் நமக்குத் தெரிவது நல்லது. அந்தப் பெயர் இல்லாமல் கணக்கே உருவாகவில்லை என்றால், அது ஏன் கட்டாயம் என்று உங்கள் டீமைக் கேளுங்கள்.

வேகத்துக்கு இரண்டு விஷயம். பெயரைக் காட்டும் விதத்தைச் சோதிக்க 'பில்ட்' போதும், டேட்டாபேஸில் எழுதும் 'கிரியேட்' வேண்டாம். பாஸ்வேர்டுக்கு பிகிரிப்ட் பயன்படுத்தினால், டெஸ்ட்டில் மட்டும் அதன் காஸ்ட்டை 4 ஆக்குங்கள். அது வேண்டுமென்றே மெதுவாக ஓடும் முறை.

'நிஜ யூசர் டேட்டாவையே காப்பி பண்ணிக்கலாமே' என்பார்கள். வேண்டாம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள் டாட் காம் இருக்கிறது. உதாரணங்களுக்கென்றே 1999-ல் ஒதுக்கப்பட்ட முகவரி அது. தவறி அனுப்பினாலும் யாருடைய இன்பாக்ஸுக்கும் போகாது.

பழைய ஃபேக்டரியை ஒரே நாளில் மாற்றி எழுத வேண்டாம். ஒரு வரியை நீக்கி டெஸ்ட்களை ஓட்டுங்கள். எதுவும் உடையாவிட்டால் அந்த வரி தேவையில்லை. இரண்டு டெஸ்ட் உடைந்தால், அந்த வரி போக வேண்டிய இடம் அந்த இரண்டு டெஸ்ட்கள்தான்.